பித்தளை வாய்

டோலீனா முந்நூறு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டாள். முந்நூறு தடவையும் அந்த இடுப்புப்பையின் பித்தளை வாய் டக்கென்று மூடியது. குமிழைத் திருப்பாமல் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை ஊர்க்கூடத்து நடனத்தில், டூகலின் இடுப்பில் இருந்தபோது, இதே வாய் தானாகத் திறந்து அவனுடைய வண்டிச் சாவியையும் சில்லறையையும் தரையெங்கும் கொட்டியிருக்கிறது.

"பேய் பிடிச்சிருக்கும்" என்றான் அவள் கணவன் லாக்லன், ஊசியில் மெழுகு நூலைக் கோத்தபடி.

"பேயா இருந்தா நல்லதாப் போச்சு. பாதிரியாரக் கூப்பிட்டு ஓட்டிரலாம். இது பித்தளை. பித்தளை காரணம் இல்லாம ஒண்ணும் செய்யாது."

நான் வாசலோரத்து முக்காலியில் இருந்தேன். முப்பது வருடம் அக்கரைக்குப் போகும் வண்டிப்படகில் இயந்திரம் பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, பக்கத்து வீட்டுப் பட்டறையில் ஏதாவது ஓடும் சத்தம் கேட்டால் வீட்டில் கால் தரிப்பதில்லை. டோலீனா என்னை விரட்டியதும் இல்லை. விளக்கைப் பிடிக்க அவளுக்கு எப்போதும் ஒரு கை குறையும்.

அந்த வாயின் அமைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டும் கம்பளி மடிப்புப் பாவாடைதான் கில்ட்; அதில் பை வைத்துத் தைக்க இடம் கிடையாது. சாவி, காசு, கைக்குட்டை எல்லாம் இடுப்புக்கு முன்னால் தொங்கும் ஸ்போரனுக்குள்தான் போகும். இந்த ஸ்போரன்களில் தோல்பைக்கு மேலே பிறை வடிவத்தில் இரண்டு பித்தளைத் தட்டுகள் உண்டு. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டின் நுனிகளும் இருபுறமும் கீலில் சேர்ந்திருக்கும். முன்தட்டின் மேல் வரிசையாக ஐந்து குமிழ்கள். நடுக்குமிழைக் கால் சுற்றுத் திருப்பினால் உள்ளே ஒரு தாழ் நகர்ந்து, பின்தட்டிலுள்ள கொக்கியை விட்டுவிடும், வாய் பிளக்கும். விரலை எடுத்தால் ஒரு சிறிய சுருள்வில் தாழை மறுபடி அதன் இடத்துக்குத் தள்ளும். மற்ற நாலு குமிழும் அழகுக்கு.

"நடுவுல நிக்கிறவன் மாப்பிள்ளை. மத்த நாலு பேரும் தோழங்க. பல்லக் காட்டிட்டு நின்னாப் போதும்" என்பாள் டோலீனா.

மாப்பிள்ளைப் பேச்சு சும்மா வந்ததல்ல. சனிக்கிழமை அவள் மகள் ஷோனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹெக்டர், அவனுக்கு நாலு தோழர்கள். டூகல் முதல் தோழன், மோதிரங்களைச் சுமக்கவேண்டியவன். ஐந்து பேருக்கும் ஐந்து ஸ்போரன். பித்தளை டோலீனாவுடையது, தோல் லாக்லனுடையது. பெண்வீட்டுச் சீர் என்று பார்த்தால் அதுதான் சீர். ஐந்தும் ஹெக்டர் வீட்டில் இருநூற்றைம்பது வருடமாக இருக்கும் ஒரு பழைய ஸ்போரனைப் பார்த்துச் செய்தவை. அந்தப் பழையதை மூன்று வாரம் பட்டறையில் வைத்து அளந்து, மணல் அச்சில் வார்த்து, அரத்தால் அராவி, விளிம்பில் அந்தக் காலத்து அலைக்கோட்டை அப்படியே செதுக்கியிருந்தாள். உட்புறத்தில் அவளுடைய முத்திரை: ஒரு சின்ன ஹெர்ரிங் மீன்.

சம்பந்தியம்மாள் எஃபி திங்கட்கிழமையே செய்தி அனுப்பிவிட்டாள். டவுனில் வாடகைக் கடையொன்றில் ஐந்து ஸ்போரன் சொல்லிவைத்திருக்கிறாளாம். வியாழக்கிழமை மாலைக்குள் வேண்டும் வேண்டாம் என்று சொல்லவேண்டுமாம். வாடகை ஸ்போரன் என்றால் தகரத்தில் வெள்ளிப்பூச்சு. டோலீனாவின் மகள் கல்யாணத்தில் அவளுடைய மீன் முத்திரை பட்டறையிலேயே கிடக்க, மாப்பிள்ளை வாடகைத் தகரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பான். ஊரில் அடுத்த முப்பது வருடத்துக்கு அதுதான் பேச்சு.

"நீ கொக்கிய இன்னும் ஆழமா வெட்டிப் பாரு" என்றேன்.

"வெட்டியாச்சு. அப்புறம் குமிழத் திருப்ப குறடு வேணும். கல்யாணத்துக்கு வர்றவன் குறடோடயா வருவான்?"

"வில்ல மாத்து."

"மாத்தியாச்சு. டூகலோடதுக்கு முதல்லயே ரெட்டை வில்லு. அப்படியிருந்தும் அதுதான் வெள்ளிக்கிழம தொறந்தது."

"கீல இறுக்கு."

டோலீனா என்னைப் பார்த்தாள். "ஃபார்க்கர், கீல்ல ஒரு முடி அளவு இடம் வேணும். இல்லாட்டி குளிர்ல இறுகி நிக்கும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். பிடிப்பு ஒன்றும் அகப்படாதபோது மனிதன் தெரிந்ததையே சொல்வான்.

*

செவ்வாய்க்கிழமை காலை மழை. எங்கள் ஊரான ஆர்ட்கெல்லனில் மழை நின்றால் பொடிக்கொசு கிளம்பும். ஆகவே மழையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. டோலீனா பட்டறையின் இரண்டு கதவையும் திறந்துவைத்திருந்தாள். காலையில் பித்தளை உருக்கியிருந்ததால் உள்ளே துத்தநாகப் புகை இனித்த வாடையுடன் நின்றது. லாக்லன் ஸ்போரனுக்குள் இரண்டு கிலோ தூண்டில் ஈயத்தைப் போட்டு, கொக்கியில் தொங்கவிட்டு, பக்கவாட்டில் குலுக்கினான். திறக்கவில்லை. நான் அதைக் கட்டிக்கொண்டு பின்மேட்டில் ஏறி ஓடி இறங்கினேன். என் மூச்சுத்தான் திறந்துகொண்டது.

டூகல் வந்தபோது மழையில் தலை ஒட்டியிருந்தது. அவன் மீன்வண்டி ஓட்டுகிறவன், ஆறடி நாலங்குலம், கதவில் குனிந்துதான் வருவான். உள்ளே வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"டோலீனா, நீங்க என்ன வேணா சொல்லுங்க. நான் ஒரு கிளாஸ்தான் குடிச்சேன்."

"எத்தாப் பெரிய கிளாஸ்?" என்றான் லாக்லன் தலை நிமிராமல்.

"சின்னது! ஊரு முழுக்க என்ன பேசுறாங்க தெரியுமா? டூகல் போதையில வாயத் தொறந்து போட்டுட்டு ஆடினான்னு. எங்கம்மாவே கேக்குறா. மோதிரத்த வேற ஆள்கிட்ட குடுக்கலாமான்னு ஹெக்டர் யோசிக்கிறான். நான் மூடினேன். டக்குன்னு சத்தம் கேட்டேன்."

"நான் உன்ன நம்புறேன்" என்றாள் டோலீனா.

டூகல் இதை எதிர்பார்க்கவில்லை. வாக்குவாதத்துக்கு எடுத்துவந்திருந்த மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"உன்ன நம்பாட்டி, குத்தம் உன்னோடதுன்னு சொல்லிட்டு நான் தூங்கப் போயிரலாம். சனிக்கிழம மோதிரம் தரையில உருளும். அதனால உன்ன நம்புறேன். கட்டு இத."

அவன் கட்டினான். நடந்தான். குதித்தான். மேசையிலிருந்து குதித்தபோது அலமாரியில் தேநீர்க் கோப்பைகள் நடுங்கின. வண்டியில் ஏறி உட்கார்ந்து இறங்கினான். பித்தளை வாய் கன்னிகாஸ்திரீபோல மூடியே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு லாக்லன் அடுப்பைப் பற்றவைத்து, ஓட்ஸ் மாவில் புரட்டிய ஹெர்ரிங்கைப் பன்றிக் கொழுப்பில் பொரித்தான். தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, வெண்ணெய். டூகல் நாலு மீனைத் தின்றுவிட்டு ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எஃபியின் கார் வந்து நின்றது.

எஃபி மழைக்கோட்டைக் கழற்றாமலே வந்தாள். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்று. துணியைப் பிரித்து மேசைமேல், மீன்தட்டுக்கு எட்டத்தில், வைத்தாள். பழைய ஸ்போரன். அதன் பித்தளை, முகம் பார்க்கலாம் போல மின்னியது.

"நீங்க மறுபடி பாக்கணும்னீங்கன்னு ஷோனா சொன்னா. கொண்டாந்திருக்கேன். கையத் தொடச்சிட்டுத் தொடுங்க."

"ஒரு மீன் சாப்பிடுங்க, எஃபி" என்றான் லாக்லன்.

"சாப்பிட்டுத்தான் வந்தேன். டோலீனா, நான் ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. இது இருநூத்தம்பது வருஷமா வாயத் தொறந்ததில்ல. எங்க வீட்டுக்காரர் தாத்தா இதக் கட்டிட்டு ராத்திரி முழுக்க ஆடினவரு. நான் வாக்கப்பட்டு வந்து நாப்பது வருஷம், சனிக்கிழம தவறாம பாலீஷ் போடுறேன். ஒரு சனிக்கிழம விட்டதில்ல. உங்களோடது ஒரு மாசம் தாங்கல."

"பதினெட்டு நாளு" என்றாள் டோலீனா. "அளவு எல்லாம் உங்களோடதுதான். ஒரே ஒரு விஷயம் தவிர."

"என்ன தவிர?"

"உங்களோடதச் செஞ்சவன் கொஞ்சம் சோம்பேறி. நான் திருத்தமாச் செஞ்சிருக்கேன்."

எஃபியின் முகம் இறுகியது. லாக்லன் அவசரமாக ஐந்தாவது மீனை டூகலின் தட்டில் வைத்தான்.

"வியாழக்கிழம சாயங்காலம்" என்றாள் எஃபி. "அதுக்கு மேல அந்தக் கடைக்காரன் காத்திருக்க மாட்டான்."

"வியாழக்கிழம மத்தியானமே சொல்லிருவேன். இப்ப ஒக்காருங்க. டூகல், அங்க ஊர்க்கூடத்துல என்ன செஞ்சியோ, அத அப்படியே செய்யி. ஒண்ண விடாம."

"என்ன செஞ்சேன்? ஆடினேன்."

"ஆடு."

"தனியாவா? சுத்துறதுக்கு ஆள் வேணும்."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். லாக்லன் கையெல்லாம் மாவு. காலையில் மேட்டில் ஓடியதில் எனக்கு முழங்கால் பிடித்திருந்தது. டோலீனா, பார்க்கவேண்டியவள். கடைசியில் எஃபி கோட்டின் பொத்தானைக் கழற்றினாள்.

"சின்ன வயசுல எனக்கு ஆட்டத்துல ரெண்டு பரிசு" என்றாள், யாரும் கேட்காமலே.

வேலை மேசையைத் தள்ளினோம். லாக்லன் கைதட்டித் தாளம் போட்டான். டூகல் முதலடி எடுத்து வைக்கும் முன்னால், இடக்கையால் ஸ்போரனை ஒரு தள்ளு தள்ளினான்; அது வழுக்கிக்கொண்டு இடுப்பின் பக்கவாட்டுக்குப் போனது. பிறகு எஃபியின் முழங்கையில் தன் முழங்கையைக் கோத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

"நில்லு!" என்று கத்தினாள் டோலீனா.

நின்றார்கள்.

"இப்ப கையால என்ன செஞ்ச?"

"எந்தக் கையால?"

"ஸ்போரன என்ன செஞ்ச?"

டூகல் குனிந்து பார்த்தான். அது இடுப்போரத்தில் இருப்பதை அப்போதுதான் அவனே கண்டான். "பக்கத்துல தள்ளினேன். ஆடுறப்ப எல்லாரும் தள்ளுறதுதானே? முன்னால கெடந்தா தொடையில இடிக்கும். இடிக்கக் கூடாத எடத்துலயும் இடிக்கும்."

"காலையில இருந்து ஒருதரமாவது சொன்னியா?"

"இதப் போயி யாராவது சொல்வாங்களா? மூச்சு விட்டேன்னா சொல்வேன்?"

அவன் சொன்னது நியாயம். எங்களில் யார் கில்ட் கட்டி ஆடினாலும் அந்தக் கை தானாகப் போய் அதைத் தள்ளும். முப்பது வருடம் ஆடிய எனக்கும் தோன்றவில்லை. ஓடினோம், குதித்தோம், ஈயம் போட்டுக் குலுக்கினோம். யாரும் தள்ளவில்லை, ஏனென்றால் யாரும் ஆடவில்லை.

"ஆடுங்க" என்றாள் டோலீனா.

மூன்றாவது சுற்றில் வாய் பிளந்தது. தூண்டில் ஈயம் பட்டறைத் தரையில் நாலு பக்கமும் தெறித்து ஓடியது. எஃபி வீலென்று கத்தினாள். டோலீனா கைதட்டிச் சிரித்தாள், பரிசு கிடைத்தவள்போல.

"எதுக்குச் சிரிக்கிறீங்க? தொறந்துருச்சு!" என்றாள் எஃபி மூச்சு வாங்கிக்கொண்டு.

அவளுக்கு நான்தான் விளக்கினேன். இயந்திரம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எப்போதாவது வரும் கோளாறு சனியன். கூப்பிட்டால் வரும் கோளாறு பாதி சரியான கோளாறு.

"நான் ஒரு கிளாஸ்தான் குடிச்சேன்" என்றான் டூகல், இந்தமுறை கூரையைப் பார்த்து.

*

டோலீனா ஸ்போரனைக் கையில் எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனாள். நான் விளக்கைப் பிடித்தேன். பின்தட்டில் பட்டை கோக்க இரண்டு காதுகள் உண்டு. முன்னால் தொங்கும்போது பட்டை இரண்டு காதையும் சமமாக இழுக்கும். இடுப்போரத்துக்குப் போனால் ஒரு காதை மட்டும் இழுக்கும். அதோடு ஆட்டத்தில் சுழலும்போது பையிலிருக்கும் பாரம் எதிர்ப்பக்கம் வீசும். அவள் ஒரு காதைப் பிடித்து இழுத்து, பையை எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

"பாரு, ஃபார்க்கர்."

பார்த்தேன். கீலில் இருந்த அந்த முடி அளவு இடத்தில் முன்தட்டு பின்தட்டின்மேல் பக்கவாட்டில் வழுக்கியது. ஒரு நகத்தின் கனம்தான். ஆனால் கொக்கி பிடித்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னும் சற்றுத் தள்ளினாள். டக். வாய் திறந்தது. தாழ் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. கொக்கி அதன் ஓரத்தால் நழுவி வெளியே போயிருந்தது. எவ்வளவு கெட்டியான வில் போட்டாலும், எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பயனில்லை. தாழ்ப்பாள் போட்ட கதவு நிலையோடு நகர்ந்தால் தாழ்ப்பாள் என்ன செய்யும்?

"இப்ப உங்களோடதக் குடுங்க" என்றாள்.

எஃபி கொடுக்கத் தயங்கினாள். பிறகு கொடுத்தாள். டோலீனா அதே மாதிரி ஒரு காதை இழுத்து எதிர்ப்பக்கம் தள்ளினாள். நகரவில்லை. பலமாகத் தள்ளினாள். பாறை.

"கீல் இறுக்கமோ?" என்றேன்.

திறந்து ஆட்டிப் பார்த்தாள். திறந்திருக்கும்போது பழையதன் கீல் லொடலொடவென்று ஆடியது; அவளுடையதைவிட நாலு பங்கு தளர்ச்சி. மூடினால் பாறை.

"பாத்தீங்களா?" என்றாள் எஃபி. "சோம்பேறி செஞ்சது."

டோலீனா பழையதன் வாயைத் திறந்து விளக்குக்குக் கீழே பிடித்தாள். முன்தட்டின் உட்புறத்தில் இரண்டு ஓரத்துக் குமிழ்களிலிருந்து தட்டைத் துளைத்து வந்த முளைகளும் இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தன. மற்றக் குமிழ்களின் முளையெல்லாம் தட்டிப் பரப்பி, அராவி, தட்டோடு தட்டாக இருந்தது. எதிரே பின்தட்டில் இரண்டு சிறிய பள்ளங்கள்.

"இதப் பாத்துத்தான் சோம்பேறின்னேன்" என்றாள் மெதுவாக. "ஓரத்து ரெண்டையும் அராவாம விட்டுட்டான், அது இருநூறு வருஷம் எதிர்த் தட்டுல குத்திக் குத்திக் குழி விழுந்திருச்சுன்னு நெனச்சேன். நான் எல்லாத்தையும் மழமழன்னு அராவி விட்டேன். எஃபி, ஒரு ஊசி வேணும்."

"எதுக்கு?"

"உங்க ஸ்போரனக் குத்த."

எஃபி நெஞ்சில் கை வைத்தாள். ஆனால் லாக்லன் அதற்குள் தோல்தைக்கும் ஊசியை நீட்டிவிட்டான். டோலீனா அந்தப் பள்ளத்தில் ஊசிமுனையை வைத்துக் கிளறினாள். வெளுத்த பச்சைநிறத்தில் கெட்டியான தூள் உதிர்ந்தது. இன்னும் கிளறினாள். இன்னும் உதிர்ந்தது. ஊசி இறங்கிக்கொண்டே போய், கடைசியில் மெத்தென்று எதிலோ இடித்து நின்றது.

"தோலு" என்றான் லாக்லன். "பின்னால இருக்க தோலு."

"குத்திக் குத்தி விழுந்த குழி கிண்ணம் மாதிரி இருக்கும்" என்றாள் டோலீனா. "இது கிணறு மாதிரி நேரா எறங்குது. இது துளைபோட்ட ஓட்டை. தட்டக் கடந்து போகுது. முளை எட்டாத அடிப்பாகத்துல மட்டும் தூளு அடைச்சு, குழி மாதிரி காட்டியிருக்கு. முளை இதுக்குள்ள போயி ஒக்காந்துக்கும். மூடினா ரெண்டு தட்டும் ஆணியடிச்ச மாதிரி. பக்கவாட்டுல எங்க நகர?" உதிர்ந்த தூளை விரலால் தொட்டு முகர்ந்தாள். "இது என்ன, எஃபி?"

எஃபி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என் பாலீஷு" என்றாள்.

"நாப்பது வருஷ பாலீஷு."

"சனிக்கிழம தவறாம" என்றான் லாக்லன்.

முதலில் சிரித்தது எஃபிதான். மழைக்கோட்டு குலுங்கச் சிரித்தாள். "ஓட்டைய நான் அடைச்சேன், முளைய நீ அராவின. ரெண்டு பேரும் சுத்தக்காரிங்க. நல்லா இருக்கும் நம்ம குடும்பம்!"

சற்று முன்பு வரை 'நீங்க' என்று பேசியவள் 'நீ' என்றதை டோலீனாவும் கவனித்தாள். "ஒக்காரு எஃபி. ஒரு மீன் சாப்பிடு" என்றாள்.

"அஞ்சாவத இவன் தின்னுட்டானே" என்றாள் எஃபி.

*

புதன்கிழமை முழுவதும் பட்டறையில் வேலை. ஐந்து வாயிலும் ஓரத்துக் குமிழ்களைத் துளையிட்டுக் கழற்றினாள். பத்துப் புதுக் குமிழ்களை, முளை நீளமாக விட்டு, கடைசலில் கடைந்தாள். கடைசல் பொறியின் சத்தம் என் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் போய்விட்டேன்.

எதிர்த்தட்டில் துளை எங்கே விழவேண்டும் என்பதுதான் நுணுக்கம். அளந்து குறித்தால் ஒரு முடி தப்பும். ஒரு முடி தப்பினால் வாய் மூடாது. ஷோனா தன் உதட்டுச் சாயத்தைக் கொண்டுவந்தாள். முளைகளின் நுனியில் அதைத் தடவி, வாயை மெதுவாக மூடித் திறந்தால், எதிர்த்தட்டில் இரண்டு சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டின் நடுவில்தான் துளை.

"கல்யாணத்துக்கு வாங்கினது" என்றாள் ஷோனா.

"கல்யாணத்துக்குத்தானே ஆகுது" என்றான் அவள் அப்பன். அவன் ஒவ்வொரு பையிலும் இரண்டு பக்கமும் நாலு தையலைப் பிரித்து, தட்டுக்கும் தோலுக்கும் நடுவில் தகரத் துண்டைச் செருகிக் கொடுத்தான், துளைக்கும் முனை தோலைக் கடிக்காதிருக்க. துளைத்து முடிந்ததும் அதே ஓட்டைகளில் மறுபடி தைத்தான். தைத்த இடம் தெரியவில்லை. தெரிந்தால் அவன் லாக்லன் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மழை நின்று, பொடிக்கொசு கிளம்பியது. டூகல், ஹெக்டர், மற்ற மூன்று தோழர்கள், ஐந்து பேரும் பட்டறை முற்றத்தில் கொசுவை அறைந்துகொண்டே ஆடினார்கள். எல்லோரும் முதலில் இடக்கையால் ஒரு தள்ளு; இந்தமுறை தள்ளியது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, அதனால் கொஞ்சம் வெட்கத்தோடு தள்ளினார்கள். எஃபி ஒவ்வொருவனோடும் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொரு பையிலும் இரண்டு கிலோ ஈயம். அரைமணி நேரம் ஆடியும் ஒரு குண்டுகூடத் தரையில் விழவில்லை. ஹெக்டர் தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு மோதிரங்களையும் எடுத்து, எல்லோரும் பார்க்க, டூகலின் ஸ்போரனுக்குள் போட்டான். டூகல் மூடினான். டக்கென்ற சத்தம் முற்றத்தின் கடைசிவரை கேட்டது.

"அந்தக் கடைக்காரனுக்கு யாரு போன் போடுறது?" என்றாள் எஃபி. "நானே போடுறேன். அவன்கிட்ட நான்தானே பெருமை பேசினேன்."

டோலீனா எதையாவது மறக்கக் கூடாதென்றால் பட்டறைக் கதவின் உட்புறத்தில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைப்பாள். அன்றைக்கு எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு அவள் எழுதியது இன்றும் அங்கே இருக்கிறது; மழைக்காலத்தில் மங்கினால் மறுபடி அதன்மேலேயே எழுதுகிறாள்:

ஓரத்து இரண்டு குமிழ்களின் முளையை அராவாதே. உட்புறம் இரண்டு மில்லி நீட்டி நிற்கட்டும். எதிரே பின்தட்டில், முளை பொட்டு வைத்த இடத்தில், நேராகத் துளை போடு. மூடியதும் முளை துளைக்குள் உட்கார்ந்தால் தட்டுகள் வழுக்காது, கொக்கி நழுவாது. வருடம் ஒருமுறை துளையிலிருக்கும் பாலீஷை ஊசியால் எடு.